சுவர் இல்லாத தூக்கம்

அந்தக் கிருமியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. காலம் சரியில்லை என்று தெரிந்தால் யாரோடும் மல்லுக்கட்டாது. தன்னைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டு தூங்கிவிடும். மருந்து ஊற்றினாலும் தூங்கும், வெயிலில் காய்ந்தாலும் தூங்கும். மாதக்கணக்கில் மருந்து ஊற்றிச் சலித்துப்போய் நாம் நிறுத்தியதும், சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்கும். சாப்பிடுவது மனிதக் கண்ணை என்பதுதான் சிக்கல்.

பெயர் அகாந்தமீபா. குளத்தில், குழாய்த் தண்ணீரில், தெருப் புழுதியில் என்று அது இல்லாத இடம் இல்லை. நானும் நீங்களும் தினமும் அதில்தான் முகம் கழுவுகிறோம். கண்ணில் ஒரு கீறல் இருந்தால் மட்டும் உள்ளே நுழையும்.

இவ்வளவும் எனக்குத் தெரிவதற்குக் காரணம், பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் நான் நோயாளி ஆலோசகர். பெயர் ஞானதிரவியம். டாக்டர்கள் சொல்வதை மனிதர்களுக்குப் புரியும்படி சொல்வதும், மனிதர்கள் சொல்வதை டாக்டர்கள் காதில் விழும்படி சொல்வதும் என் வேலை. முதல் பாதிக்குத்தான் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது. இரண்டாம் பாதியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

செலஸ்டினா மோத்தா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பனைமரத்துக்கு மேல் பனைமரம் நட்ட உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் குனிந்து உட்கார்ந்து, கீழே கப்பலில் இருக்கும் கன்டெய்னர் பெட்டியின் நாலு மூலையிலும் சரியாக இரும்புச் சட்டத்தை இறக்கிக் கவ்வி எடுக்க வேண்டும்.

"கீழ நிக்கவன் வாக்கி டாக்கியில 'எறக்கு, எறக்கு, புடி'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பான் அண்ணாச்சி. புதுசா வந்தவுக அவன் சொல்லுதத நம்பி எறக்குவாக. எனக்கு அவன் வாய் வேண்டாம், எங் கண்ணு போதும்" என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னாள். அப்போது அவளுடைய வலது கண் குங்குமப்பூ நிறத்தில் இருந்தது.

கூண்டுக்கு ஏறும் ஏணியில் துருச் செதில் ஒன்று கண்ணில் விழுந்திருக்கிறது. கீழே வந்து டிரம் தண்ணீரை அள்ளி அள்ளிக் கழுவியிருக்கிறாள். பூஞ்சை என்று நினைத்து வேறெங்கோ வைத்தியம் நடந்து, எங்களிடம் வந்து சேரும்போது கருவிழியின் மேல் பாலாடை மாதிரி ஒரு வெள்ளை வளையம் படிந்துவிட்டது. மணிக்கொரு தரம் எரிகிற மருந்து. சரியாகிவிட்டது என்று இரண்டு முறை அனுப்பினோம், இரண்டு முறையும் திரும்பி வந்தாள். ஆழத்தை அளக்க இரண்டு கண்ணும் வேண்டும். ஒற்றைக் கண்ணோடு நாடாளலாம், கிரேன் ஓட்ட முடியாது. துறைமுகத்தில் அவளுக்குக் கெடு வைத்துவிட்டார்கள். பார்வைத் தகுதிச் சான்றிதழோடு வந்தால் கூண்டு, வராவிட்டால் கீழே கேட்டில் லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்துகிற வேலை.

"கீழ எறங்குனா நான் செத்துப் போவேன் அண்ணாச்சி" என்றாள் சாதாரணமாக. அதை மிகையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் சங்கரவடிவின் சொட்டு மருந்து வந்தது. வடிவு மேடம் எங்கள் ஆய்வகத்தின் தலைவி. கண் டாக்டர் இல்லை, மரபணுக்காரி. நுண்ணோக்கியில் குனிந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் 'ம்' என்று மட்டும் சொல்வாள். மருந்தைச் சோதிக்கப் பன்னிரண்டு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். செலஸ்டினாவைக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

"மேடம், ஜீன் கீன்னு சொன்னா எனக்கு வெளங்காது. எங் கண்ணுக்குள்ள என்னத்த ஊத்தப் போறிய, அத மட்டும் சொல்லுங்க."

வடிவு சிரித்தாள். "வீட்டுக்காரர் ஒருத்தர் சுவர் கட்டணும்னா கொத்தனாருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புவார்னு வச்சுக்குங்க. அந்த அமீபாவுக்குள்ள ஒரு ஜீன் அப்படித்தான் சீட்டு எழுதுது. இந்த மருந்துல இருக்க துணுக்கு வழியிலயே அந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டுரும். வீட்டுக்காரர நாம ஒண்ணும் செய்யல. அவர் பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருப்பார். கொத்தனாருக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான்."

"சுவர் எழும்பாது."

"எழும்பாது. ஒளிய எடமில்ல. அப்பறம் பழைய மருந்தே போதும், தீத்துரும்."

செலஸ்டினா கொஞ்சம் யோசித்தாள். "எங் கண்ணு எழுதுத சீட்டையும் சேத்துக் கிழிச்சிராதே?"

"அந்தமாதிரிச் சுவர் செடிக்கும் இதுமாதிரி சில உயிருக்கும்தாம்மா உண்டு. மனுஷ உடம்புல அந்தச் சீட்டே கெடையாது."

அவள் கையெழுத்துப் போட்டாள். நல்ல கேள்வி கேட்கிற நோயாளியைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். அன்றைக்கு வந்தது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வடிவு ஒரு சாயம் வைத்திருந்தாள். துணி பளிச்சென்று தெரிய சோப்புத்தூளில் போடுவார்களே, அந்தக் குடும்பத்துச் சாயம். கண்ணிலிருந்து லேசாகச் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயத்தை விட்டு, ஊதா விளக்கில் பார்ப்பார்கள். சாயம் அமீபாவின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நீலமாக மின்னும். நீலப் புள்ளி தெரிந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். இருட்டாக இருந்தால் யாரும் இல்லை.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் ஒவ்வொரு ஸ்லைடாக இருட்டத் தொடங்கியது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒரு நோயாளிக்கு ஸ்லைடு இருட்டானால் கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் ரசவடை. 'இன்னிக்கு இருட்டு வடை உண்டா' என்று பக்கத்து ரத்தப் பரிசோதனைக்காரர்கள் வந்து எட்டிப்பார்ப்பார்கள்.

ஏழாம் எண் நோயாளியை மட்டும் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர், பெரிய இடம், பெயர் வெளியே வரக் கூடாது என்று சொல்லி, இயக்குநர் டாக்டர் திருமலைநம்பியே அவரைத் தனியாகக் கவனித்துக்கொண்டார். சுரண்டல் மட்டும் சின்னக் குப்பியில் எங்களிடம் வரும். அந்த ஸ்லைடு இருட்டான அன்று டாக்டர் தாமே கேன்டீனுக்குப் போய் வடை வாங்கி வந்தார். அவர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

திருமலைநம்பி பெரிய கைராசிக்காரர். தினமும் தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டு வந்துதான் கத்தியைத் தொடுவார். அறுபதை நெருங்கியும் விரல் நடுங்காது. அந்த வருஷம் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டுக் கறுப்புக் கண்ணாடிக்கு மாறியிருந்தார். இந்த வயதில் என்ன ஸ்டைல் வேண்டிக்கிடக்கிறது என்று நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஆபரேஷன்களையும் ஜூனியர்களுக்குத் தள்ளிவிட்டார். மருந்தை உலகத்துக்கு அறிவிக்கிற கூட்டம் வரப்போகிறது, அந்த வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

செலஸ்டினாவின் ஸ்லைடும் இருட்டானது. வடை வந்தது. டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "கிருமி போயாச்சு. இனி தழும்பக் கரைக்கணும். நாளையிலருந்து ஸ்டீராய்டு சொட்டு மருந்து" என்றார்.

ஸ்டீராய்டு வீக்கத்தை ஆற்றும், தழும்பை மட்டுப்படுத்தும். கூடவே கண்ணின் காவல்காரர்களையும் கட்டிப்போட்டுவிடும். கிருமி இல்லாத கண்ணில் அது அமிர்தம், கிருமி இருக்கிற கண்ணில் கொள்ளி. அதனால்தான் ஸ்லைடு இருட்டாகும்வரை காத்திருப்பது.

செலஸ்டினா வெளியே வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை.

"என்னம்மா, சந்தோஷந்தானே?"

"காலையில கண்ண முழிச்சதும் சன்னல் வெளிச்சம் ஊசியாட்டம் குத்துது அண்ணாச்சி."

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஆறுத புண்ணு அப்படித்தான் இருக்கும்னாவ." அவள் என் மேசையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தாள். "தம்ளர்ல தேத்தண்ணி ஊத்துனா வெளிய போவுது. போன மாசத்துக்கு இப்ப தேவலன்னு இருக்கணுமா இல்லியா? போன மாசம் இவ்வளவு சிந்தல. ரெண்டு தடவ ஏற்கெனவே சரியாப்போச்சுன்னு நீங்க என்னய அனுப்பியிருக்கிய. சரியாப்போன கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல."

நான் வடிவிடம் போனேன். அவள் அறிவிப்புக் கூட்டத்துக்குப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"ஸீரோண்ணே" என்றாள் திரும்பாமலே. "நானே பாத்தேன். ஒரு புள்ளி கெடையாது."

"அந்தப் பிள்ளை இல்லாததச் சொல்லாது மேடம்."

"நோயாளி சொல்றதெல்லாம் கேட்டா ஆராய்ச்சி பண்ண முடியாது. பயம் இருக்கும், வேலைக்குத் திரும்பப் போறோம்னு பதற்றம் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. "ஊதா விளக்குல பாக்கத் தெரிஞ்ச உங்களுக்கு அவ மூஞ்சியப் பாக்க நேரமில்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. வடிவு திரும்பினாள். அவளுக்கும் கோபம்தான்.

"சரி. பழைய முறையில பண்ணிக் காட்டுறேன். அப்பறம் இதப் பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

பழைய முறை என்பது தட்டில் வளர்ப்பது. சின்ன வட்டத் தட்டில் கடல்பாசி ஜெல்லி. அதன் மேல் அமீபா சாப்பிடுகிற பாக்டீரியாவை விரித்து, நடுவில் சுரண்டலை வைத்துச் சூடாக மூடி வைப்பார்கள். உயிரோடு ஏதாவது இருந்தால் பசித்து எழுந்து தின்றுகொண்டே போகும், போன தடம் தெரியும். நாளாகும் என்பதால் இந்தச் சோதனையில் அந்த முறை வேண்டாம், சாயமே போதும் என்று நீக்கியது வடிவுதான். செலஸ்டினாவின் சுரண்டலில் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. என் வாயை அடைப்பதற்காக அவள் அதைத் தட்டில் வைத்தாள்.

ஸ்டீராய்டைச் சில நாள் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தள்ளிப்போட்டா தழும்பு தங்கிரும் ஞானம். அவளுக்குக் கிரேன் வேணுமா வேண்டாமா?" என்றார். அதுவும் நியாயம்தான். நியாயங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நான் கீழே போய், ஸ்டோரில் மருந்து இன்னும் வரவில்லை, வந்ததும் தருகிறேன் என்று செலஸ்டினாவிடம் சொன்னேன். மருந்து என் மேசை டிராயரில் இருந்தது.

"பொய் சொல்லுதியளா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"சரி" என்று பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் வடிவு என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, நுண்ணோக்கியைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். பனி படிந்த கண்ணாடியில் குழந்தைகள் விரலால் கிறுக்கினது போலக் கோடுகள், நடுவிலிருந்து நாலாபக்கமும். ஒரு கோட்டின் முனையில் தெளிவில்லாத ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"சாயம் எதுல ஒட்டும் அண்ணே?" என்றாள் வடிவு.

"சுவர்லன்னு சொன்னீங்க."

"நான் எத நிறுத்துனேன்?"

"சுவர."

"அப்ப இத்தன நாளா நான் எதப் பாத்துக்கிட்டிருந்தேன்?" அவள் குரல் உடைந்தது. "தூங்குறதுக்குச் சுவர் வேணும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். அதுக்குச் சுவர் கெடைக்கல, வெறுந்தரையில படுத்துத் தூங்கிருச்சு. வாயத் தொறக்காது, எதையும் உள்ள இழுக்காது. உள்ள போனாத்தானே மருந்து கொல்லும்? முன்னயாவது நீலமா மின்னிக் காட்டிக்குடுக்கும். அதையும் நான் அணைச்சுட்டேன். வெளக்க அணைச்சுட்டுத் திருடனக் காணோம்னு வடை தின்னுருக்கோம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று ஊரில் கேட்பார்கள். படித்த பூனைகளாக ஒரு கட்டடம் நிறைய நாங்கள் இருந்தோம்.

இருவருமாக டாக்டர் அறைக்குப் போனோம். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு அரையிருட்டில் உட்கார்ந்திருந்தார். வடிவு எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரே ஒரு தட்ட வச்சு இவ்வளவு பேசலாமா?" என்றார் டாக்டர். "தட்டுல வெளியிலருந்து ஏதாவது விழுந்திருக்கும். அடுத்த வாரம் கூட்டம். எத்தனை நாட்டுலருந்து வாராங்க தெரியும்ல?"

"மொதத் தடம் தெரிஞ்ச அன்னிக்கே மிச்ச குப்பி இருந்த எல்லாருக்கும் தட்டு வச்சுட்டேன் சார். இன்னிக்குக் காலையில பெரும்பாலும் தடம் வந்தாச்சு."

"ஏழாம் நம்பர்?"

"அதுலயுந்தான்."

டாக்டர் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து வேறிடத்தில் வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ஸ்டீராய்டு ஆரம்பிச்சவங்களுக்கு?"

"தெரியல சார். தூங்குறவன எழுப்பி, காவல்காரன வெளிய அனுப்பி, கதவயும் தொறந்து விட்ட மாதிரிதான். வெளிய ஒண்ணும் தெரியாது. வலியும் தெரியாது, அதையும் ஸ்டீராய்டு மூடிரும். கண்ணு செவப்பில்லாம வெள்ளையா அழகா இருக்கும், உள்ள தின்னுக்கிட்டிருக்கும்."

இனி பெரிய சண்டை என்று நான் தயாராக நின்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "கூட்டத்த நிறுத்திருங்க" என்றார். "எல்லாரையும் கூப்பிடுங்க." எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. ஒரு நிமிஷத்தில் புகழைத் தூக்கிப்போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

பதினொரு பேர் வந்தார்கள். ஏழாம் எண்ணுக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றார் டாக்டர். யாரும் வரவில்லை. வார்டில் ஒரு கட்டிலைக் காலியாகவே போட்டு வைத்திருந்தேன், செலஸ்டினாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

செலஸ்டினாவிடம் விஷயத்தைச் சொல்லும் வேலை எனக்கு. நானே சொல்கிறேன் என்று வடிவு கூட வந்தாள்.

"கண்ணுக்குள்ள தூங்குறத எழுப்பணும்" என்றாள். "எழுந்தாத்தான் சாகும். எரியிற மருந்து, இந்தத் துணுக்கு ரெண்டையும் நிறுத்துவோம். ஆபத்து போச்சுன்னு நெனச்சு அது முழிக்கும்."

"முழிச்சு?"

"சாப்பிடும்."

"எங் கண்ண."

"ஆமா. அது நல்லா முழிச்ச பொறவு புதுத் துணுக்கு ஒண்ணு போடுவோம். இந்தத் தடவ கிழிக்கிறது சுவருக்கான சீட்ட இல்ல, தூங்கப் போன்னு சொல்ற சீட்ட. தூங்கவே முடியாது. அப்ப பழைய மருந்த ஊத்துவோம். இதை இதுவரைக்கும் எந்த மனுஷக் கண்ணுலயும் போட்டதில்ல."

"தூங்கவே முடியாத ஒண்ணு என்ன செய்யும் மேடம்?"

"சாகும். இல்லன்னா இன்னும் சாப்பிடும்."

"எவ்வளவு தின்னும்?"

"தெரியாது."

"கண்ணு மிஞ்சுமா?"

"தெரியாதும்மா." வடிவு அழுதுவிட்டாள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

செலஸ்டினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதத் தடவ எல்லாத்துக்கும் தெரியும்னு சொன்னிய. இப்ப தெரியாதுங்கிய. இதத்தான் நம்பலாம்போல இருக்கு. இப்படியே விட்டா என்னாவும்?"

"என்னைக்காவது தானா முழிக்கும். நீங்க கூண்டுல இருக்கும்போதும் முழிக்கலாம்."

"கீழ ஆளு நிப்பானே" என்றாள் செலஸ்டினா. அதற்குமேல் யோசிக்கவில்லை. "எழுப்புங்க."

மருந்தை நிறுத்தினார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலையில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தாள். அந்தக் கிருமி நரம்பை ஒட்டித்தான் போகும். அந்த வலிக்கு ஈடு சொல்லப் பிள்ளை பெற்றவர்களாலும் முடியவில்லை. வெள்ளைத் திட்டு விளிம்பிலிருந்து கருவிழியின் நடுவை நோக்கி நகர்ந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வடிவு பொறுத்தாள். பாதி முழிக்கும்போது அடித்தால் மீதி திரும்பவும் படுத்துவிடுமாம். கண் திறக்க முடியாமல் செலஸ்டினா கேட்பாள், "வந்துட்டானுவளா எல்லாரும்?" இல்லை என்று வடிவு சொல்வாள். மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை கட்டிப்போனது. அந்த நாட்களில் வார்டுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. போனேன், ஆனால் கால் வரவில்லை என்பதுதான் உண்மை.

டாக்டர் திருமலைநம்பி தினமும் வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு அவள் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். கேஸ் அட்டையைக் கையில் வாங்குவார், படிக்காமல் திருப்பிக் கொடுப்பார். "எப்படிம்மா இருக்கு?" என்பார். இயக்குநர் ஒரு நோயாளியிடம் இவ்வளவு அக்கறை காட்டுவதை நர்ஸுகள் ஆச்சரியமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் வடிவு சரி என்று தலையசைத்தாள். புதுத் துணுக்கு உள்ளே போனது. பின்னாலேயே எரிகிற மருந்து, அரைமணிக்கு ஒரு தரம். வெள்ளைத் திட்டு நடுவுக்கு ஒரு நூலளவு இருக்கும்போது நின்றது. அப்படியே இருந்தது. பிறகு விளிம்பு மங்கத் தொடங்கியது.

வடிவு சாயத்தைத் தொடவேயில்லை. சுரண்டலைத் தட்டில் வைத்து, சாப்பாடு விரித்து, பூட்டிச் சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். முன்பு போட்டதைவிட இரண்டு மடங்கு நாள் காத்திருந்தாள். விரித்த சாப்பாடு விரித்தபடியே இருந்தது. சாப்பிட யாரும் வரவில்லை. இன்னொரு தட்டு, அதிலும் வரவில்லை.

"வடை சொல்லட்டுமா மேடம்?" என்றேன்.

"வடைப் பேச்சே எடுக்காதீங்க" என்றாள். ஆனால் சிரித்தாள்.

அன்று மதியம் செலஸ்டினாவின் கண் கட்டைப் பிரித்தார்கள். விழியின் ஒரு ஓரத்தில் தழும்பு நிற்கும், அதில் மாற்றம் இல்லை. நடு தப்பிவிட்டது. எழுத்துப் பலகையில் கடைசிக்கு இரண்டு வரி மேல்வரை படித்தாள். கிரேன் சான்றிதழுக்கு அது போதும். அவள் பலகையை நம்பவில்லை. "அந்த பிளாஸ்க்கக் கொண்டாங்க அண்ணாச்சி" என்றாள். தம்ளரைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்து, கையைத் தூக்கி, உயரத்திலிருந்து தேத்தண்ணியை ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை, சாதாரணச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கையில் ஒரு துணிப்பை. நேராகக் காலிக் கட்டிலுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, விளிம்பில் உட்கார்ந்தார்.

"சார், அது ஏழாம் நம்பர் கட்டில்" என்றேன்.

"தெரியும் ஞானம்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "கான்டாக்ட் லென்ஸோட ஆத்துல குளிக்காதீங்கன்னு முப்பது வருஷமா ஊருக்கு உபதேசம் பண்றேன். நான் குளிச்சேன்."

அவருடைய வலது கண் வெள்ளையாக, அழகாக இருந்தது. வடிவு பக்கத்தில் போனாள், டார்ச்சைக் கண்ணில் அடித்தாள். அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஸ்டீராய்டு எப்ப ஆரம்பிச்சீங்க சார்?"

"நீ ஸீரோன்னு சொன்ன அன்னிக்கு. தட்டுல தடம் வந்துச்சுன்னதும் நிறுத்திட்டேன்."

"அன்னிக்கே ஏன் சார் வந்து படுக்கல?"

அவர் வடிவைப் பார்க்கவில்லை, செலஸ்டினாவைப் பார்த்தார். "ஒங்களுக்கு என்னாகுதுன்னு பாத்துட்டு வரலாம்னு இருந்தேம்மா. எழுப்பினா கண்ணு மிஞ்சுதான்னு. சர்ஜனுக்கு ரெண்டு கண்ணும் வேணும்லா, அதான்…"

நான் மரியாதை வைத்திருந்த மனிதர் அவர். கோபப்பட நினைத்தேன், அது பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது.

செலஸ்டினா கட்டிலில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எழுப்பும்போது வலி உசுரு போவும் டாக்டர்" என்றாள். "ஆனா வலிச்சா நல்லது. அது முழிச்சிருக்குன்னு தெரியும், எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும்."

"எனக்கு வலிக்கவே இல்லையேம்மா" என்றார் டாக்டர்.

வடிவு டார்ச்சை அணைத்தாள். "வலி சொல்ற நரம்பையும் தின்னுருச்சு சார்" என்றாள்.

செலஸ்டினா இன்னொரு தம்ளரை எடுத்து அதில் தேத்தண்ணி ஊற்றி, சிந்தாமல் அவர் பக்கம் நீட்டினாள். "குடிங்க. பொறவு பாத்துக்கலாம்."

அவர் வலது கையை நீட்டினார். ஆயிரக்கணக்கான கண்களில் மயிரிழை பிசகாமல் கத்தி வைத்த விரல்கள். தம்ளருக்கு நாலு விரற்கடை இந்தப் பக்கமாக, வெறும் காற்றில் மூடிக்கொண்டன. திரும்ப விரிந்து, இன்னொரு தடவை மூடின.

செலஸ்டினா தம்ளரை நகர்த்தவில்லை. கூண்டுக்குக் கீழே நிற்கிறவனின் குரலில், அவசரப்படாமல் சொன்னாள்.

"முன்னால வாங்க… இன்னும் வாங்க… எறக்குங்க, எறக்குங்க… இப்ப புடிங்க."

அவர் பிடித்தார்.